மஸ்கெலியாப் படையலுக்குப் பிந்திப் போன கதை

நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் குடியை விட்டவர்கள் யாருக்காவது வட்டவளையிலிருந்து மஸ்கெலியாவுக்கு அவசரமாகப் போக வேண்டி வரலாம். அதற்காக இதை என் கையாலேயே எழுதுகிறேன். அறுபத்தைந்து வயதில் எழுத்துப் படித்தவன் நான். ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆகிறது. ஆனாலும் ஆசையாக இருக்கிறது.

நம் விதி தெரியும். சாராயம் ஊற்றும் வீட்டுக்கு ஒருவரும் தனியாகப் போகக்கூடாது; கூப்பிட்டால் இன்னொருவர் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். சென்ற மாசியில் மஸ்கெலியா சின்னச்சாமி எனக்குத் தபாலட்டை போட்டிருந்தார். அவர் குடியை விட்டு நாலு மாதம். தாய்வீட்டுக்குப் போயிருந்த மனைவி செல்லம்மா அதை நம்பித்தான் திரும்பி வந்திருந்தார்.

அட்டை வியாழன் மாலை வந்தது. எனக்கென்று வந்த முதல் கடிதம். தேயிலைத் தோட்டத்துப் பள்ளி வாத்தியார் வாசித்துத் தரட்டுமா என்றார், நான் கொடுக்கவில்லை. முதல் இரண்டு வரியில், அவருடைய அண்ணன் குடித்தே வயிறு வீங்கி இறந்த செய்தி. துக்கம்தான். ஆனால் நானே வாசித்தேனே என்ற பூரிப்பும் இருந்தது. மிச்சத்தைப் பலகாரம் எடுத்து வைப்பதுபோல் வைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மூன்றாம் வரி: தான் இன்னும் குடிக்கவில்லை என்று. சனி காலை கடைசி வரியை எழுத்துக் கூட்டி முடித்தேன். அன்றைக்கே கருமாதி, பத்து மணிக்கு முன் வந்துவிடுங்கள் என்றிருந்தது.

ஆறு மணி ரயில் போய்விட்டது. அடுத்தது 9.40. ஹட்டனுக்கு நாற்பது சதம், முக்கால் மணி நேரம். அங்கே பஸ்ஸின் பெயர்ப் பலகையை நானே வாசித்து உறுதி செய்துகொண்டு நின்றேன்.

"போர்டுக்கு டிக்கெட் இல்ல பெரியவரே, ஏறுங்க" என்றார் கண்டக்டர். அறுபது சதம், பன்னிரண்டு மைல், வளைவுகளால் ஒரு மணி நேரத்துக்கு மேல். பிறகு தோட்டத்துக்கு இரண்டு மைல் ஏற்றம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை அடைந்தபோது மணி ஒன்று.

இறந்தவருக்குப் பிரியமானதைப் படையலில் வைப்பது நம் வழக்கம். இலையில் கருவாடும் பீடிக்கட்டும் இருந்தன. பக்கத்தில் சாராயப் போத்தல், காலி. படைத்த சாராயத்தை உடன்பிறந்தவன்தான் முதலில் குடிக்க வேண்டும்.

"தீந்துபோச்சுங்க. நேரத்தோட வந்திருந்தா ஒங்களுக்கும் ஒரு வாய் கெடைச்சிருக்கும்" என்றார் சின்னச்சாமியின் பெரியப்பா.

வாசலில் செல்லம்மா துணிமூட்டையைக் கட்டி வைத்திருந்தார். "பதினோரு மணி வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாருங்க. அண்ணன மதிக்கலையாடான்னு சுத்தி நின்னு கேட்டாங்க. அதுக்கப்புறந்தான் கையில வாங்குனாரு."

சின்னச்சாமி லயத்துக்குப் பின்னால், தண்ணீர் விழும் பீலியடியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஏன் பிந்தினேன் என்று மறைக்காமல் சொன்னேன். வாயைக் கழுவிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாலு வரிதானேண்ணே எழுதுனேன்."

திங்கட்கிழமை வரை அவரைவிட்டு நகரவில்லை. வெறுந்தேநீர் போட்டுக் கொடுத்தேன், அவர் குடிக்கவில்லை, சாராயமும் தொடவில்லை. நான் கிளம்பும்போது மூட்டை வாசலிலேயே இருந்தது.

போகிறவர்கள் ஆறு மணி ரயிலைப் பிடியுங்கள். ஹட்டனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சாராயக்கடைக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். மேலே குளிர் அதிகம், கம்பளி வேண்டும். முக்கியமாக, அட்டை வந்தால் வேகமாக வாசிக்கத் தெரிந்தவரிடம் அந்த நிமிடமே கொடுங்கள்.

நேற்று சின்னச்சாமியிடமிருந்து இன்னொரு அட்டை வந்தது. திருப்பியும் பார்க்காமல் வாத்தியாரிடம் ஓடினேன். குடிக்கவில்லை, செல்லம்மா போகவில்லை, மூட்டை மட்டும் இன்னும் அவிழவில்லை என்று வாசித்தார். பிறகு வீட்டுக்கு வந்து, மெதுவாக, நானும் ஒரு முறை வாசித்தேன்.