கழுவி வந்த ரத்தம்

போன வாரம் ஒரு நாள் காலையில் ஆயக்குடியிலிருந்து போன்.

"மாப்ள, ஸ்கேன் பார்த்தாச்சு. இந்த வருசமும் ஒண்ணுமில்லையாம்!"

தங்கவேல். திண்டுக்கல்லில் என்னோடு காலேஜ் படித்தவன். கொய்யாத் தோப்பு வைத்திருக்கிறான். இந்த ஒரு போன் வரும்வரை வருடா வருடம் எனக்கு வேறு வேலை ஓடாது. ஏன்?

சில வருடங்களுக்கு முன்பு அவனுக்குக் கல்லீரலில் புற்றுநோய். குடிப்பழக்கம் அறவே கிடையாது. என்றைக்கோ வந்த மஞ்சள் காமாலைக் கிருமி உள்ளேயே தங்கி, கல்லீரலைக் கெடுத்து, கடைசியில் கட்டியில் கொண்டுபோய் விட்டது. ஊர் என்ன சொன்னது? "ரகசியமா குடிச்சிருப்பான்..."

கல்லீரலையே மாற்ற வேண்டும் என்றார்கள் சென்னை டாக்டர்கள். அவன் மனைவி பூங்கொடி யோசிக்கவே இல்லை. "என்னோடதுல பாதிய எடுத்துக்கங்க." சோதித்தார்கள். பொருந்தியது.

சிக்கல் ரத்தத்தில் வந்தது. தங்கவேலுக்கு ஓ நெகட்டிவ், லேசில் கிடைக்காத வகை. கல்லீரலுக்கு ஓ குரூப் என்றால் போதுமாம், நெகட்டிவா பாசிட்டிவா என்று பார்ப்பதில்லை. ஏற்றுகிற ரத்தத்துக்குத்தான் அந்தக் கெடுபிடி. திண்டுக்கல் காலேஜ்களில் ஏறி இறங்கினேன். ரத்தம் கொடுக்க ஆட்கள் கிடைத்தார்கள்... ஆனால் அம்புட்டுப் பெரிய ஆபரேஷனுக்குப் போதாது.

அப்போதுதான் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா அந்த யோசனையைச் சொன்னார். ஆபரேஷனில் வெளியேறும் ரத்தத்தை மெஷின் உறிஞ்சி எடுக்கும். கழுவி, சிவப்பு அணுக்களைப் பிரித்து, அவன் உடம்புக்கே திருப்பி ஏற்றும்.

தங்கவேல் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "வேண்டாமுங்க! புற்றுநோய்க்காரன் ரத்தமுங்க அது. வெளிய போற சனியனை மறுபடி உள்ள விடறதா?"

எனக்கும் அதே பயம்தான். சொல்லத் தைரியமில்லை.

பூங்கொடி மட்டும் நிதானமாகக் கேட்டாள். "ஏனுங்க டாக்டர், இத்தனை நாளா அந்த ரத்தம்தானுங்க இவரு உடம்புல ஓடுது? புதுசா என்ன ஆபத்துங்க?"

"கட்டியை அசைக்கும்போது அதிலிருந்து அணுக்கள் உதிரலாம்மா. அதனாலதான் கட்டிப் பக்கம் வர்ற ரத்தத்தை மெஷினுக்கு எடுக்கவே மாட்டோம். எடுத்ததையும் ஒரு விசேஷ ஃபில்டர்ல வடிகட்டித்தான் ஏத்துவோம். இப்படி ஏத்தினவங்களுக்கு நோய் அதிகமா திரும்பி வந்ததா இதுவரைக்கும் தெரியல. கட்டி வெடிச்சிருந்தா யோசிக்கணும், இவருக்கு வெடிக்கவும் இல்ல."

"அப்ப ஆபத்தே இல்லீங்களா?"

"அப்படிச் சொன்னா அது பொய். அடுத்தவங்க ரத்தம் ஏத்தறதுலயும் ஆபத்து இருக்கு. ரத்தமே இல்லாமப் போனா... அதுதான் பெரிய ஆபத்து."

அந்தப் பதில்தான் எங்களை அசைத்தது. 'பயப்படாதீங்க, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்' என்று முதுகில் தட்டியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்கிற டாக்டரை எப்படி நம்பாமல் இருப்பது?

தங்கவேல் மனைவி பக்கம் திரும்பினான். "பூங்கொடி, நீ என்ன சொல்ற?"

"என் ஈரல்ல பாதி உங்களுக்குள்ள வருது. அது பிழைக்கறதுக்கு ரத்தம் வேணுமுங்க. ஒத்துக்கங்க."

ஒத்துக்கொண்டான்.

ஆபரேஷன் அன்று இருவரையும் அடுத்தடுத்த தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். வெளியே நான். காபி வாங்கினேன், குடிக்கவில்லை. பேப்பர் வாங்கினேன், படிக்கவில்லை. மத்தியானம் நர்ஸ் ஒருவர் அவசரமாக ரத்த வங்கிக்கு ஓடினார். பின்னாலேயே ஓடிப்போய் விசாரித்தேன். எதிர்பார்த்ததைவிட ரத்தம் அதிகமாகப் போயிருக்கிறது. சேர்த்து வைத்தது தீர்ந்துகொண்டிருக்கிறது.

சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்தார். தொப்பியைக் கழற்றினார். முகத்தில் களைப்பு... கூடவே ஒரு சிரிப்பு.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. மெஷின் மட்டும் இல்லேன்னா இன்னைக்குத் திண்டாடிப் போயிருப்போம்."

காபி டம்ளரோடு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் எதற்கு?

புற்றுநோய் விஷயத்தில் யாரும் சத்தியம் செய்து தர முடியாது. அதனால்தான் வருடா வருடம் ஸ்கேன். நோய் வந்த உடம்பில் எல்லாமே கெட்டுவிட்டது என்று நாம் முடிவுகட்டி விடுகிறோம். அதில் நல்லது எம்புட்டு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கவும் ஒரு படிப்பு வேண்டியிருக்கிறது... பொறுமையும்தான்.

இருவரையும் வார்டுக்கு மாற்றிய பிறகு பார்க்கப் போனேன். கஞ்சியில் உப்பில்லை என்று தங்கவேல் நர்ஸிடம் எகிறிக்கொண்டிருந்தான். பக்கத்துக் கட்டிலில் பூங்கொடி, தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

"பாருங்கண்ணா... அம்புட்டையும் கழுவுன மெஷின், இவரு கோவத்தை மட்டும் விட்டுப்போட்டுதுங்க!"