மிகுதியை வெண்திரையில் காண்க

காலை ஆறே கால். யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்தில் கிளிநொச்சிக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு வாங்கினேன். ஒரு ரூபாய் முப்பத்தைந்து சதம். நாற்பது மைல் தூரத்துக்கு அது நியாயமான விலைதான், இருக்க இடம் கிடைத்திருந்தால். ஆனையிறவு தாண்டும் வரை ஒரு பலாப்பழத்துக்கும் அதன் சொந்தக்காரருக்கும் நடுவில் நின்றுகொண்டே போனேன். பையில் அக்காவுக்கு ஒரு சீத்தைத் துணியும் ஓலைக் குட்டானில் பனங்கட்டியும் இருந்தன. கூடவே நான் வேலை செய்யும் புத்தகக் கடையில் பதினைந்து சதத்துக்கு விற்கும் ஒரு சினிமாப் பாட்டுப் புத்தகம். அதை நம்பித்தான் புறப்பட்டேன்.

பாட்டுப் புத்தகம் வாங்கியவர்களுக்குத் தெரியும். முதல் இரண்டு பக்கங்களில் படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே வருவார்கள். கதாநாயகிக்குக் கழுத்தில் கத்தி விழும் நேரம் பார்த்து, மிகுதியை வெண்திரையில் காண்க என்று முடித்துவிடுவார்கள். நானும் அக்காவும் சின்ன வயதிலேயே இதை ஓர் ஆட்டமாக்கிவிட்டோம். புத்தகத்தை இருவரும் சேர்ந்துதான் திறக்க வேண்டும். முன்கூட்டி ஒருவர் எட்டிப் பார்த்தாலும் ஆட்டம் செல்லாது. வாசித்து முடித்ததும் ஆளுக்கொரு முடிவு சொல்வோம், பிறகு படம் பார்ப்போம். தோற்றவர் படத்தின் முடிவைத் தன் வாயாலேயே முழுக்கச் சொல்ல வேண்டும். நான் எல்லோரையும் சாகடிப்பேன். அக்கா எல்லோரையும் சேர்த்து வைப்பார். படம் எடுப்பவர்கள் அக்காவின் கட்சி என்பதால் தோற்பது பெரும்பாலும் நான்தான்.

எழுத்தாளர்களையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. தொடர்கதையில் எழுதியவர் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு பந்தி வாசித்தால் மற்றவர் ஆளைச் சொல்ல வேண்டும். ஒருவர் முதல் வரியிலேயே மழை பெய்விப்பார். இன்னொருவரின் கதாநாயகன் இருமாமல் ஒரு சொல் பேசமாட்டான். தேங்காய் துருவும்போதுகூட அக்கா அவர்கள் நடையிலேயே தேங்காயோடு பேசி எங்களைச் சிரிக்க வைப்பார்.

அந்த அக்கா இப்போது பேசுவதில்லை. போன கிழமை நெல் விற்க யாழ்ப்பாணம் வந்த அத்தான்தான் கடை வாசலில் நின்று சொன்னார். “என்னோட ஒரு கதையில்லைத் தம்பி. வேலையெல்லாம் செய்யிறாள், வாய் மட்டும் திறக்கிறாளில்லை. நீ ஒருக்கா வந்து பார்.”

சித்திரையில், சிறுபோக நெல்லுக்கு இரணைமடுக் குளத்திலிருந்து தண்ணீர் திறந்துவிட்ட அன்று, அக்கா குடும்பம் இருக்கும் வயல் குடியேற்றத்துப் பிள்ளைகள் எல்லாரும் வழக்கம்போல் வாய்க்காலுக்குள் தண்ணீருக்கு முன்னால் ஓடினார்கள். அக்காவின் ஒரே மகன் குகனுக்கு ஆறு வயது. மதகடியில் கால் வழுக்கிவிட்டது. மற்றப் பிள்ளைகள் சத்தமிட்டுக்கொண்டே ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை.

எட்டரை மணிக்குக் கிளிநொச்சியில் இறங்கினேன். அத்தான் மாட்டுவண்டியோடு நின்றார். குடியேற்றம் அங்கிருந்து நாலு மைல். வழி முழுக்க வாய்க்கால் வண்டிக்குப் பக்கத்திலேயே வந்தது. அத்தான் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. ஒரே அச்சில் வார்த்த வீடுகளில் ஒன்றின் முன்னால் இறங்கினோம். அக்கா குசினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “வா” என்றார். மத்தியானம் வரை அதற்குமேல் ஒன்றுமில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பாட்டுப் புத்தகத்தை அவர் மடியில் வைத்தேன். அக்கா அதைத் தள்ளவுமில்லை, எடுக்கவுமில்லை. அட்டையில் கதாநாயகனும் நாயகியும் ரோசாப்பூவுக்குள் நின்றார்கள். காதல் கதை என்று நினைத்துக்கொண்டு நானே திறந்து வாசித்தேன். எட்டாம் வரியில் தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒரு சிறுவன் காணாமற் போனான். வாசிப்பதை நிறுத்திவிட்டேன். விதி என்று ஒன்று வைத்து, அதை மீறாமல் எட்டிப் பாராமல் கொண்டுவந்த என் மடைத்தனத்தை எதால் அடிப்பது?

“வாசி” என்றார் அக்கா.

“வேண்டாமக்கா. வேற புத்தகம் கொண்டு வாறன்.”

அக்கா புத்தகத்தைப் பறித்துத் தானே வாசித்தார். தாய் ஊர் ஊராகத் தேடுகிறாள். கடைசியில் ஆற்றங்கரையில் ஒரு சின்னச் சட்டை ஒதுங்கிக் கிடக்கிறது. மகன் கிடைத்தானா? மிகுதியை வெண்திரையில் காண்க.

“வரமாட்டான்” என்றார் அக்கா. புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். “நீ சொல்லு.”

அப்போதுதான் விளங்கியது, எனக்கு மிஞ்சியிருந்தது அக்காவின் பழைய கட்சிதான். “வருவான்” என்றேன்.

“எங்க ஓடுது?”

வவுனியாவில் என்றேன். யாழ்ப்பாணத்தில் ஓடியபோது அவருக்காகவே நான் பாராமல் இருந்தேன். முற்றத்தில் மண்வெட்டி தீட்டிக்கொண்டிருந்த அத்தான் கையை நிறுத்தினார். “நாளைக்கே கூட்டிக்கொண்டு போ” என்றார் மெதுவாக.

மறுநாள் காலை ஒன்பது மணி பஸ். வவுனியா நாற்பத்தெட்டு மைல், ஆளுக்கு இரண்டு ரூபாய். மாங்குளம் வரை பாலை மரமும் வீரை மரமும் நின்ற காடுதான் துணை. கனகராயன்குளத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி, எங்கள் பக்கத்து வழக்கில் ஒரு நானா, இரண்டு புளி மூட்டைகளோடு ஏறி எங்களுக்குப் பின்னால் இருந்தார். நல்ல மனிதர். எங்கே போகிறோம் என்று கேட்டார். சொன்னேன்.

“அட, நான் ரெண்டு தரம் பாத்தனான். என்ன முடிவு தெரியுமோ...”

“சொல்லாதேங்கோ நானா” என்றார் அக்கா. பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு உரத்து அக்கா பேசி நான் கேட்டதில்லை. மனிதர் வவுனியா வரை புளி விலையைத் தவிர வேறொன்றும் பேசவில்லை.

இரண்டரை மணிக் காட்சி. கலரி அறுபத்தைந்து சதம், இரண்டாம் வகுப்பு ஒரு ரூபாய் பத்து. இரண்டாம் வகுப்பே எடுத்தேன். மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை. பாட்டுகளுக்கு அக்காவின் விரல் கதிரைக் கையில் தாளம் போட்டது. அதைப் பார்த்து நான் பட்ட சந்தோசம் கொஞ்சமல்ல. தேர் வந்தது, சிறுவன் தொலைந்தான், தாய் தேடினாள். ஆற்றங்கரையில் சட்டை கிடந்தது. தாய் அதை எடுக்கக் குனிந்தாள். அக்கா எழும்பிவிட்டார்.

“என்னக்கா, இனித்தானே முடிவு?”

“புத்தகத்தில இவ்வளவுதான் கிடக்கு. வா, போவம்.”

எதிரே இருந்த தேநீர்க் கடையில் இருந்தோம். தேநீர் ஆறிப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் தியேட்டருக்குள் விசில் கிளம்பியது, பிறகு தகரக் கூரை அதிரும்படி கைதட்டல்.

“வந்திட்டான் போல” என்றார் அக்கா.

“ஓமக்கா.”

“அப்ப நான் தோத்திட்டன்.”

அக்காவை ஒருமுறையாவது நன்றாக வெல்ல வேண்டும் என்று சின்ன வயது முழுக்க ஆசைப்பட்டிருக்கிறேன். அந்த வெற்றியை அன்று யாராவது கேட்டிருந்தால் இனாமாகக் கொடுத்திருப்பேன்.

ஐந்தே முக்காலுக்குத் திரும்பும் பஸ். ஓமந்தை தாண்டியதும் அக்கா தொண்டையைச் செருமினார். முடிவைச் சொல்லத் தொடங்குகிறார் என்று தெரிந்து தடுத்தேன். “பாக்காததை எப்பிடிச் சொல்லுவீங்கள்? விடுங்கோ.”

“ஆட்டமெண்டா ஆட்டம்” என்றார். “பின்னேரம். தாய் குசினிக்க நிக்கிறாள். பொடியன் பின்கதவால வாறான். முழங்கால் வரைக்கும் சேறு. காற்சட்டை பூட்டுற தெறி ஒண்டு இல்லை. எங்க போனனீ எண்டு தாய் கேக்கேல்லை. பசிக்குது எண்டுறான். மத்தியானச் சோறு மூடிக் கிடக்கு. குழைச்சுக் குடுக்கிறாள்.”

“பிறகு?”

“பிறகென்ன. கை கழுவ வாய்க்காலுக்குப் போறனெண்டு எழும்புறான். தாய் விடேல்லை. குடத்துத் தண்ணியில தானே கழுவி விடுறாள். அவ்வளவுதான் படம்.”

அதற்குப் பிறகு நான் புறப்படும் வரை அக்கா பேசவில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திருப்பி என் பைக்குள் வைத்திருந்தார். விடியற்காலையில் அத்தான் வண்டி பூட்டினார். “என்ன தம்பி, கதைச்சவளோ?” என்று கேட்டார். கதைத்தார் என்றேன். அவர் மாடுகளைத் தட்டி ஓட்டினார்.

நாலு மைலும் வாய்க்கால் கூடவே வந்தது. எங்கள் ஊரில் கிணற்றில் துலா மிதித்து, ஓலைப் பட்டையால் அள்ளி, கை காய்த்துத்தான் தண்ணீர் காண வேண்டும். வன்னியில் தண்ணீர் வாசலுக்கே தேடி வரும் என்று சொல்லித்தான் நாங்கள் அக்காவை இங்கே அனுப்பிவைத்தோம்.