ஒன்பதாம் அறையின் மின்பலகை

தஞ்சாவூருக்கு வெளியே ஒரு நெல் ஆராய்ச்சி மையத்தில் தரவு மாதிரி உருவாக்குவது என் வேலை. எந்த அறைக்கு எந்தப் பலகையிலிருந்து மின்சாரம், எந்தத் தொட்டிக்கு எந்தக் குழாய், எந்த அறையில் யாருடைய பயிர் என்று எல்லாவற்றையும் அவற்றின் தொடர்புகளோடு கணினியில் பதிய வேண்டும். கட்டடம் வெறும் வரைபடமாக இருந்தபோதே, ஒரு மோட்டார் நின்றால் எந்த அறைகள் பாதிக்கப்படும் என்று அந்தத் தரவு மாதிரியில் பார்த்துத்தான் இடங்களை முடிவு செய்தோம். கட்டிய பிறகு மையம் இயங்குவதும் அதை வைத்துத்தான். மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் எதை ஓட்டுவது, எதை அணைப்பது என்று மென்பொருள் அதைப் பார்த்தே தீர்மானிக்கும்.

கட்டட வேலை முடியும் சமயம், அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போயிருந்தேன். மையத்தின் எலக்ட்ரீஷியன் போன் செய்தார்.

"மேடம், ஒன்பதாம் ரூம் ஏசி போர்டு பக்கம் சுவர்ல ஓதம் ஏறுது. லைனை ஆபீஸ் போர்டுக்கு மாத்திட்டேன். கம்ப்யூட்டர்ல ஏத்திடுங்க."

"சரிங்க, வந்து ஏத்திடறேன்" என்றேன். ஊர் திரும்பியதும் வேறு வேலைகள் வந்தன. மறந்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் ஒரு ஞாயிறு காலை மின்சாரம் போனது. ஜெனரேட்டரில் ஓட்ட அவசியமில்லை என்று மென்பொருள் அலுவலகப் பலகையை அணைத்தது. கூடவே, அதற்கு மாற்றியிருந்த ஒன்பதாம் அறையின் ஏசியும் அதே லைனில் இருந்த வெப்பமானியும் நின்றன. வளர்ப்பு விளக்குகள் மட்டும் வேறு பலகையிலிருந்து எரிந்துகொண்டே இருந்தன. வெப்பமானி நின்றதால் எச்சரிக்கையும் வரவில்லை.

உப்பு நீரைத் தாங்கும் நெல் ரகங்கள் அங்கே பூத்திருந்தன. அவற்றை வளர்த்த விஞ்ஞானி, மாதா கோயில் பூசை முடிந்து மதியம் பார்க்க வந்தார். கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்ததாம். எனக்குப் போன் செய்து, "பூக்கிற நேரத்துல இந்தச் சூடு பட்டா மணி பிடிக்காதுங்க. எல்லாம் பதர்தான்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் கூட்டத்தில் மேலாளர் எலக்ட்ரீஷியனிடம்தான் முதலில் கேட்டார். "கம்ப்யூட்டர்ல பழைய போர்டுதானே இருக்கு. யார்கிட்டயும் சொல்லாம மாத்திட்டீங்களா?"

"மேடம்கிட்ட போன்ல சொன்னேன் சார்." அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சொன்னதற்கு எழுத்தில் எந்த ஆதாரமும் இல்லை. நான் பேசாமல் இருந்தால் பழி அவர்மேல்தான் விழும். அந்தச் சில நொடிகள் நான் பேசாமல்தான் இருந்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

பிறகு, "சொன்னாருங்க. நான்தான் பதிய மறந்துட்டேன்" என்றேன்.

வெளியே வந்ததும் எலக்ட்ரீஷியனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க மேடம். வேற எங்கெல்லாம் இப்படி இருக்குன்னு பார்ப்போம் வாங்க" என்றார். நான்கு நாட்கள் இருவரும் ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்தோம். இன்னும் இரண்டு இடங்களில் கணினி ஒன்று சொன்னது, சுவர் வேறு சொன்னது. அதிலிருந்து மாற்றங்களைப் பதியும் உரிமையை அவருக்கே கொடுத்தோம். பதிந்த பிறகே வயரில் கை வைப்பார். ஏசிக்கும் வெப்பமானிக்கும் ஒரே பலகை கூடாது என்ற விதியையும் மாதிரியில் சேர்த்தேன்.

விஞ்ஞானி மிச்சமிருந்த விதைகளை மறுபடி முளைகட்டினார். ஒரு பருவம் வீணானது வீணானதுதான். மாதக்கணக்கில் என்னிடம் வேலைக்கு வேண்டியதை மட்டுமே பேசினார். அந்தப் பயிர் பால் பிடித்த வாரம் என்னை ஒன்பதாம் அறைக்குக் கூப்பிட்டு, ஒரு மணியை நசுக்கிக் காட்டினார். விரலில் வெள்ளையாகப் பால் ஒட்டியது.