என் முறை தவறிய மத்தியானம்

ஐம்பதுகளின் கடைசியில், கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டம் ஒன்றில் நாங்கள் காணி பெற்று இருந்த காலம். மார்கழி மழையில் குளம் நிரம்பி வான் பாய்ந்து, வயலெல்லாம் மணல் மூடி ஒரு மாதம் ஆகியிருந்தது. பக்கத்துக் காணி அக்காவின் நாலு வயது மகனை அந்த வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அவர் கையிலிருந்துதான் பிள்ளை நழுவியது.

அக்கா அழவில்லை. பேச்சையும் நிறுத்திவிட்டார். இரண்டு தடவை தனியே வாய்க்கால் கரையில் போய் நின்றவரைக் கணவர்தான் கூட்டிவந்தார். எங்கள் பகுதி மருத்துவிச்சி அம்மா பெண்கள் ஐந்து பேரை அழைத்து, கணவர் வயலுக்குப் போகும் நேரத்தில் அவரைத் தனியே விடவேண்டாம், புத்தி சொல்லவும் வேண்டாம், ஏதாவது சாட்டுச் சொல்லிப் போய்ப் பக்கத்தில் இருங்கள் என்றார். முறை வைத்தோம். ஒருத்தி அடுப்புக்கு நெருப்பு எடுக்கப் போவாள், இன்னொருத்தி மண்வெட்டி கேட்டுப் போவாள். மத்தியானம் என் முறை. வீட்டில் இரண்டு சுளகு தொங்க, நாள் தவறாமல் அரிசி புடைக்கச் சுளகு இரவல் கேட்டுப் போன புத்திசாலி நான்தான்.

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. வாயும் ஓயாது. பதில் பேசாத ஒருவர் முன்னால் இரண்டு மணி நேரம் இருப்பது பெரிய தண்டனையாக இருந்தது. நான் வந்ததும் போனதும் அவருக்குத் தெரிகிறதா என்றே சந்தேகம். ஆகவே, கூட்டுறவுச் சங்கக்கடையில் நிவாரணச் சீலை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, ஒருநாள் போகாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று நினைத்து அங்கே போய்விட்டேன்.

வரிசை நகரவேயில்லை. வெகுநேரம் கழித்து எனக்குப் பின்னால் வந்து நின்றவள் காலை முறைக்காரி. என்னைக் கண்டதும் அவள் முகம் மாறியது.

"நீர் இஞ்சை நிண்டால், அங்கை ஆர்?"

சீலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று ஓடினேன். அக்காவின் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. சட்டியில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது. கூப்பிட்டபடி உள்ளேயும் வீட்டின் பின்னாலும் தேடினேன், ஆளைக் காணவில்லை. வாய்க்காலடிக்கு ஓடினேன். எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒருவர், அக்கா கரையோடு மேற்கே போனதைக் கண்டதாகச் சொன்னார். மேற்கேதான் மதகு, ஆள் நிலைக்காத ஆழம். எங்கள் வீட்டுக்கும் அதே வழிதான், ஆனால் அது அந்நேரம் நினைவுக்கே வரவில்லை. மதகடிக்கு ஓடி, கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கைகளால் துழாவி, அக்கா அக்கா என்று கத்தினேன். பின்னாலேயே ஓடிவந்த எருமைக்காரரும் குதித்துத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. ஆட்களைக் கூட்டிவரச் சொல்லி அவர்தான் என்னைத் துரத்தினார். நானே கொன்றுவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

எங்கள் படலையைத் தள்ளித் திறந்தால், உள்ளே வேலியோரம் அக்கா உட்கார்ந்திருந்தார்.

"உம்மடை நேரம் எல்லோ, ஆளைக் காணேல்லை. காய்ச்சலாக்கும் எண்டு பாக்க வந்தனான்," என்றார். ஒரு மாதத்தில் நான் கேட்ட முதல் பேச்சு அது.

எங்கள் முறையெல்லாம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. பக்கத்தில் விழுந்து, சீலைக்காக உங்களை விட்டுவிட்டுப் போனேன் என்று அழுதேன். அவர் என் ஈர முந்தானையைப் பிழிந்துவிட்டபடி, மெல்லச் சொன்னார்:

"வரேக்கை மதகடியிலை கன நேரம் நிண்டனான். பிறகு, உம்மை ஒருக்கால் பாத்திட்டுப் போவம் எண்டு இஞ்சாலை வந்திட்டன்."

அதன் பிறகு ஒருநாளும் சாட்டுச் சொல்லவில்லை. உங்களோடு இருக்க வந்தேன் என்று சொல்லியே போனேன். அக்கா பழையபடி பேசச் சித்திரையும் தாண்டியது. இன்றும் துக்க வீட்டில் யாரிடமாவது நாளைக்கு வருகிறேன் என்று சொல்லும்போது எனக்குப் பயம் வரும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நாளை வரை இருக்கக்கூடும்.