மாமனாரின் புத்தகமும் நான் துடைத்த ஹார்ட் டிஸ்க்கும்

என் மாமனார் தன் வாழ்க்கைக் கதையைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார். தாராவியில் ஒரு தோல் பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்று, செம்பூரில் எங்களோடு இருக்க வந்ததிலிருந்து மூன்று வருடமாக இதே வேலை. எழுபதாவது பிறந்தநாளன்று அதைப் புத்தகமாக்கி உறவுக்காரர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நான் உதவி செய்யக் கிளம்பினேன்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. அவருடைய கம்ப்யூட்டர் கண் விழிப்பதற்குள் அவர் ஒரு டீயைக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடுவார். அவருக்கு அதில் குறையில்லை, எனக்குத்தான் பொறுக்கவில்லை. புதிதாக, வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்று வாங்கி அதில் சிஸ்டத்தைப் போடுவது, பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்து வீட்டு வீடியோக்களுக்கு வைத்துக்கொள்வது என்று திட்டம். கடைக்காரர், "பூரா க்ளோன் கர் லோ, சாப்" என்றார். இருப்பதை இருந்தபடி மொத்தமாகப் பிரதி எடுத்துக்கொள் என்று அர்த்தம். புது வீட்டுக்குப் போகிறவன் பழைய குப்பையையுமா மூட்டை கட்டுவான் என்று அவருக்கே பாடம் நடத்திவிட்டு வந்தேன். ஆபீசில் பிரிண்டர் சிக்கிக்கொண்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தத் திமிர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலையை முடித்தேன். மாமா எழுதிய கோப்பை இரண்டு பென் டிரைவில் எடுத்தேன், புது சிஸ்டத்தை ஏற்றினேன், பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்து எங்கள் கல்யாண வீடியோவை அதில் நிரப்பினேன். பிறகு மாமாவை அழைத்து நாற்காலியில் உட்காரவைத்தேன்.

கோப்பு கண்சிமிட்டும் நேரத்தில் திறந்தது. திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை. மாமா எழுதியது பழைய காலத்து ஃபாண்ட் ஒன்றில்; அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் எல்லாம் ஆங்கிலமாகத்தான் தெரியும். புத்தகம் அச்சடிக்கப்போகிற தாராவி அச்சகத்தில் அவர்களே போட்டுக் கொடுத்தது. அந்த ஃபாண்ட் பழைய சிஸ்டத்துக்குள் இருந்தது. குப்பை என்று நான் துடைத்ததில் அதுவும் போய்விட்டது.

மாமா மவுசை உருட்டிக் கடைசிப் பக்கம் வரைக்கும் போய்ப் பார்த்தார்.

"வேகமாத்தான் தெறக்கு, மாப்ள" என்றார்.

மாப்பிள்ளையை ஒரு சொல் சொல்லக்கூடாது என்பது அவர் வளர்ந்த வழக்கம். கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருடத்தில் என்னை அவர் கடிந்ததே இல்லை. நான் இணையத்தில் தேடி ஏழெட்டு ஃபாண்ட் இறக்கிப் பார்த்தேன். ஒன்றில் எழுத்தெல்லாம் தமிழாகிவிட்டது, ஆனால் எந்த மனிதனும் பேசாத தமிழ். மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதையும் வாசிக்கப் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"திட்டுனாக்கூடப் பரவால்லங்க" என்றாள் மனைவி. "காலைலேர்ந்து அப்பா டீயே கேக்கல."

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பென் டிரைவோடு தாராவிக்குப் போனேன்.

அச்சகம் என்பது ஏணி வைத்து ஏறும் மாடியில் ஓர் அறை. அதை நடத்தும் அக்கா என் கதையைக் கேட்டுவிட்டுத் தன் கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்தார். தமிழ் வந்தது. சுழிகூடப் பிசகாமல் முழுசாக வந்தது.

சரிபார்ப்பதற்காக அக்கா இங்கொரு பக்கம் அங்கொரு பக்கமாக உரக்க வாசித்தார். எங்கள் கல்யாண அத்தியாயத்தில் அவர் குரல் மெதுவாகிவிட்டது.

"'மாப்பிள்ளை நல்லவர். ஆனால் எதையும் சும்மா இருக்க விடமாட்டார். ஓடிக்கொண்டிருந்த மிக்சியைச் சரிசெய்தார், அது நின்றது. சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரிசெய்தார், அது ஊற்றியது. தெரிந்தால் மனம் வருந்துவார் என்று நாங்கள் பிளம்பரை அவர் ஆபீஸ் போன பிறகு வரவழைப்போம்.'"

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தப் பக்கத்த எடுத்துரட்டா தம்பி? ஒரு பக்கந்தான். யாருக்குந் தெரியாது."

முகம் சுட்டது. பன்னிரண்டு வருடமாக எங்கள் குழாய் என் கைவண்ணத்தில் ஓடுவதாக நினைத்திருந்தேன். எடுத்துவிடச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவரிடமிருந்து ஏற்கனவே ஒரு தடவை இதைப் பிடுங்கியாயிற்று.

"இருக்கட்டும்க்கா" என்றேன். ஃபாண்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அதைப் போட்டுக் கோப்பைத் திறந்ததும் மாமா முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கல்யாண அத்தியாயத்துக்குப் போய் நிறுத்தினார்.

"படிச்சியளோ, மாப்ள?"

"படிச்சேன் மாமா."

கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் வெகுநேரம் துடைத்தார். "எடுத்துருதேன். புத்தியில்லாம எழுதிட்டேன்."

"வேண்டாம் மாமா. நிசந்தானே. அப்படியே இருக்கட்டும்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு நாளில் முதல்முறையாக அவர் முகத்தில் ரத்தம் ஓடியது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார், விரல்களைச் சொடுக்கினார்.

"அப்போ கொஞ்சம் பக்கத்துல உக்காருங்க" என்றார். "அந்த டிஸ்க்க எப்படித் தொடச்சிய, எந்தப் பட்டன மொதல்ல அமுக்குனிய, எல்லாம் வெவரமாச் சொல்லுங்க. எழுதணும்."