வானம் கீறிய பங்குக் கிணறு

மல்லாவியில் இளையதம்பி படம் கீறிக் கொடுக்காத கல்வீடு குறைவு. நீர்ப்பாசன வேலைகளுக்குப் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தைக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு மேசை, கொழும்பில் யாரோ கழித்துவிட்ட பழைய கணினி. அதிகம் பேசமாட்டார்.

சுனாமிக்கு அடுத்த மாசியில் முல்லைத்தீவிலிருந்து ஹவ்வா உம்மா அவரைத் தேடி வந்தார். கடற்கரையில் இருந்த அவருடைய வீடு அத்திவாரமும் மிஞ்சாமல் போயிருந்தது. அலை வந்த அன்று வவுனியாவில் நின்றதால் உயிர் தப்பியவர். அடுத்த வளவு வடிவம்மாவின் குடும்பத்தை முழுதாக அலை கொண்டுபோயிருந்தது. இரண்டு வளவுக்கும் பொதுவாக ஒரு பங்குக் கிணறு. எல்லை அதன் நடுவால் போனது. இப்போது வேலியும் இல்லை, கிணறும் மணலுக்குள். கேட்க ஆளில்லாத நிலம், விரும்பிய இடத்தில் கொட்டிலைப் போடச் சொல்லி ஊரே சொன்னது.

"மௌத்தான ஆக்கள்ட மண்ணில ஒரு சாணும் எனக்கு ஹராம், தம்பி. கிணறு எங்க எண்டு மட்டும் காட்டித் தாங்கோ."

இளையதம்பியின் மகள் சாரங்கா கணினி படித்தவள். அலைக்கு முந்திய ஆண்டில் வானிலிருந்து எடுத்த கரையோரப் படம் ஒன்றைக் கிளிநொச்சி இணையக் கடையில் தேடி எடுத்துப் புளொப்பியில் கொண்டுவந்தாள். அப்பாவின் கணினி அதைத் திறக்கவில்லை. அளவெடுக்கும் அவருடைய மென்பொருள் பிசிஎக்ஸ் என்ற பழைய வகைப் படத்தை மட்டும் வாசிக்கும். பதினாறு நிறத்துக்கு மேல் அறியாது. சாரங்கா படத்தை அந்த வகைக்கு மாற்றினாள்.

திரையில் கரை வரி வரியாக இறங்கியது. இளையதம்பி நாற்பது வருடம் மேலிருந்து பார்ப்பதுபோலக் கீறியவர். மேலே ஒரு நாளும் போனதில்லை. கூரைகளும் ஒழுங்கைகளும் அவர் கீறுவதைப் போலவே கிடந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

ஆனால் மணல் முழுக்கக் கரும்புள்ளிகள்.

"இத்தினை கிணறு இருந்திருந்தா வடிவம்மாவோட நான் ஏன் வாளிக்குச் சண்டை பிடிக்கிறன்?" என்றார் ஹவ்வா உம்மா.

இல்லாத நிறங்களை இருக்கும் நிறங்களின் புள்ளிகளால் கலந்து காட்டுகிறது கணினி என்று சாரங்கா விளக்கினாள். புள்ளி போடாமல் மாற்றச் சொன்னார் இளையதம்பி. மாற்றியதும் மணல் ஒரே வெள்ளையானது. கிணறும் அதோடு போயிற்று. பிறகு, எந்த அளவு இருட்டைக் கறுப்பாக எடுப்பது என்பதைப் படிப்படியாகக் கூட்டிக் குறைத்தார்கள். ஒரு படியில் கடல் மட்டும் கறுத்தது. ஒரு படியில் பனைகள். இன்னொன்றில் ஓட்டுக் கூரைகள். அதற்கும் அடுத்த படியில் வளவு மண்ணும் கறுத்து, இரண்டு கூரைகளுக்கு நடுவே, வெள்ளை வளையத்துக்குள் ஒரு கறுப்பு வட்டம்.

ஹவ்வா உம்மா விரலைத் திரையில் படாமல் பிடித்தார். வடிவம்மாவின் பக்கம் ஒரு வெள்ளைக் கீற்று.

"உடுப்புக் காயப்போட்டிருக்கிறா," என்றார் மெதுவாக.

படம் எடுத்த அன்றைக்கு எல்லோரும் வீட்டில் இருந்திருக்கிறார்கள். மேலே ஏதோ ஒன்று அதைப் பார்த்துக்கொண்டு கடந்து போயிருக்கிறது.

இளையதம்பி படத்தைத் தாளில் எடுத்தார். 2009 போரில் செல் குண்டு விழுந்து அவர் போகும்வரை எத்தனையோ வீடு கீறினார், எல்லாவற்றிலும் மூலையில் பெயர் எழுதினார். இதில் எழுதவில்லை. கீறியது நானில்லை என்றார்.

அந்த மாசியிலேயே தாளோடு முல்லைத்தீவுக்குப் போனார். அங்கே அலைக்குத் தப்பிய இரண்டு மதகுகள் படத்திலும் இருந்தன. அவற்றுக்கிடையே நாடா பிடித்து அளவைச் சரிபார்த்து, அங்கிருந்து தடிகள் நட்டுக்கொண்டு போனார். கடைசித் தடி நட்ட இடத்தில் ஹவ்வா உம்மாவின் மகன் மஸாஹிரும் இரண்டு பேரும் தோண்டினார்கள். இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டி சீமெந்தில் இடித்தது. மணலை வழித்தபோது கிணற்றுக் கட்டின் வளைவு தெரிந்தது.

இளையதம்பி நாடாவைச் சுருட்ட மறந்து நின்றார்.

மஸாஹிர் அடுத்த மண்வெட்டி மணலை வடிவம்மாவின் பக்கம் வீசினான். உம்மா அவன் கையைப் பிடித்தார்.

"எங்கட பக்கம் கொட்டு, மகன்."