நூலே வளைந்த அன்று

அப்பாவும் சித்தப்பாவும் கிள்ளானில் வீடு வீடாகப் போய் டைல்ஸ் ஒட்டுகிறவர்கள். ஊருக்கெல்லாம் ஒட்டியவர்களுக்கு எங்கள் சமையலறைக்கு மட்டும் நேரம் கிடைத்ததில்லை. நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, ஒருவழியாகச் சித்தப்பா தனியாக வந்து ஒட்டிக் கொடுத்தார்.

மாலையில் வந்து பார்த்த அப்பா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "என்னடா இது, பாம்பு மாதிரி நெளியுது? பேர்த்து எடு."

"நேராத்தாண்ணே இருக்கு," என்றார் சித்தப்பா. அம்மாவும் அதையே சொன்னாள். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. சாமான் பெட்டியிலிருந்து வரிசை பார்க்கும் நூலை எடுத்தார். ஒரு முனையை என்னிடம் கொடுத்து, மறுமுனையை அந்தக் கோடியிலிருந்து விறைப்பாக இழுத்துப் பிடித்தார். குனிந்து பார்த்தவர், "நூலும் வளையுது லா," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். சித்தப்பா சிரிக்கவில்லை. இழுத்துப் பிடித்த நூல் வளையாது என்பது அவர்கள் தொழிலின் அரிச்சுவடி. அவர் அப்பாவின் கண்களை ஒவ்வொன்றாகத் தன் கையால் மூடி, எப்படித் தெரிகிறது என்று கேட்டார். வலது கண்ணுக்கு நூல் நேர். இடது கண்ணுக்குத்தான் நெளிவு.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறும் இனிப்புநீர் வியாதியால் விழித்திரையின் நடுவில் நீர் கோத்திருக்கிறதாம். கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும், ஒன்றோடு முடியாது, பார்வை எவ்வளவு தேறும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். அப்பா பயந்துபோனார். அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. ஒவ்வொரு ஊசிக்கும் சித்தப்பா சுங்கை பூலோவிலிருந்து வந்து கூட்டிப் போனார். வீட்டில் ஒவ்வொரு கண்ணாகப் பார்த்துச் சோதிக்க, கட்டம் போட்ட தாள் ஒன்றும் கொடுத்திருந்தார்கள். "டைல்ஸ்காரனுக்கு டாக்டரும் டைல்ஸ்தான் கொடுக்கிறாரு," என்று அப்பா அதைப் பிரிட்ஜில் ஒட்டிவைத்தார்.

தீபாவளியன்று சித்தப்பா முறுக்கைக்கூடத் தொடவில்லை. "அந்தத் தரையப் பாத்தாலே உங்களுக்குத் தலை சுத்தும்ணே. பேர்த்துட்டு வெறும் சிமெண்ட் பூசிடறேன். கோடே இல்லன்னா வளையாதுல்ல?"

அப்பா எழுந்து சமையலறைக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். தரையை வெகுநேரம் பார்த்தார்.

"எதுக்குடா பேர்க்கணும்? வரிசை பிசகாம ஒட்டியிருக்கே."

சித்தப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பா என் பக்கம் திரும்பினார். அவருடைய இடது கண் இறுக மூடியிருந்தது. என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்று நினைத்து, நானும் பதிலுக்குக் கண்ணடித்தேன்.